சுருக்கத்தில் இல்லாதவள்

ஜனவரி 12

அன்புள்ள வாயாடிக்கு,

சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் நலம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துவர மாட்டேன் என்கிறது. ஊரையே மேலே ஏற்றி இறக்கிய லிஃப்ட் மெக்கானிக்குக்கு இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அச்சக ஆபீசில் பில் போடும் வேலை எப்படிப் போகிறது? போனில் பேசலாம்தான், ஆனால் எனக்குக் காது மந்தம், உனக்கு அவசரம். அதனால்தான் கடிதம்.

ஒரு விஷயம். சிரிக்கக் கூடாது. நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து அதுதான் வேலை. நான் கையால் எழுத, சித்தி கம்ப்யூட்டரில் டைப் செய்தாள். ஒரு பழைய ஏழு மாடிக் கட்டடம், அதில் ஒரு லிஃப்ட், அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். என் கதை இல்லை, ஆனால் என் ஸ்பானர்.

ஒரு பதிப்பகத்துக்குப் புனைபெயரில் அனுப்பினேன். முழு நாவலையும் வாங்க மாட்டார்களாம். இரண்டு பக்கத்தில் கதைச் சுருக்கம், கூடக் கொஞ்சம் அத்தியாயங்கள். பிடித்தால்தான் மிச்சத்தைக் கேட்பார்களாம். பிடிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுருக்கத்தின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் அச்சடித்திருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

“மனைவி எதற்கு? சாப்பாட்டு டப்பா தூக்கிவர ஒரு ஆள் வேண்டுமென்றால் கூரியர்காரர் போதுமே. இவளை எடுத்துவிட்டால் நாவல் ஒரு கிராம்கூடக் குறையாது.”

உறையைப் பிரித்தது சித்திதான். எனக்குப் படித்துக் காட்டியதும் அவள்தான். படித்துவிட்டு, “சொன்னது சரிதானே” என்று எழுந்து போய்விட்டாள்.

வீட்டிலேயே புத்தகம் படிக்கிற ஒரே ஆள் நீ. இந்தச் சுருக்கம் என்கிற சனியனை எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடு. மனைவியை எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நமக்கு அவர்கள் சொல்வதுதான் வேதம்.

அன்புடன்,
சித்தப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். முதலில் ஜலதோஷம், அப்புறம் ஆபீசில் வேலை. உங்கள் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? சித்தி எப்படி இருக்கிறார்கள்?

நாவல் எழுதியதற்கு எனக்கு ஏன் சிரிப்பு வரப்போகிறது? பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தச் சீட்டை எழுதிய ஆளுக்கு வாய் நீளம் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து சுருக்கம் படிக்கிற ஆளாக இருக்கும். பத்தாவதைப் படிக்கும்போது பசி வந்திருக்கும். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தப் பச்சைச் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போடுங்கள். சித்தி கண்ணில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

சுருக்கம் என்பது விளம்பரம் இல்லை, சித்தப்பா. “முடிவு என்ன? நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்” என்றெல்லாம் எழுதக் கூடாது. யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, அவர் என்ன செய்கிறார், கடைசியில் என்ன ஆகிறது, எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். வக்கீலிடம் சொல்வதுபோல மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். நாவலில் அந்த மனைவி உண்மையில் என்ன செய்கிறாள்? சாப்பாடு மட்டுமா?

சித்தியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வாயாடி


மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்து வருகிறேன். வீடு முழுக்க நாற்றம், வலி அப்படியே இருக்கிறது.

சீட்டு பச்சை நிறம் என்று நான் எழுதவே இல்லையே, நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? ஆபீசில் ஜோசியமும் பார்க்கிறாயா?

நீ சொன்னபடி புதிதாக எழுதினேன். “ஒரு மெக்கானிக். அவன் லிஃப்டை உயிராக நினைக்கிறான். கட்டடத்தை இடிக்கப்போவதாகச் செய்தி வருகிறது. தடுக்கப் பார்க்கிறான், முடியவில்லை. கடைசி நாள் லிஃப்டை ஏழாம் மாடியில் நிறுத்திவிட்டுப் படியில் இறங்கிப் போகிறான்.” பூசி மெழுகாமல் சொல்லிவிட்டேன், பார்த்தாயா?

மனைவியைச் சுருக்கத்திலிருந்து எடுத்தாகிவிட்டது. நாவலிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய வேலை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறாள். டைப் செய்ய சித்தி வரவில்லை. கண் வலி என்கிறாள். நானே ஒற்றை விரலால் தட்டுகிறேன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு லிஃப்டையே கழற்றி மாட்டிவிடலாம்.

அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தாய். அதான் எடுத்துவிட்டேனே.

அன்புடன்,
சித்தப்பா


மார்ச் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அவசரமாக எழுதுகிறேன். தயவுசெய்து எதையும் எடுக்காதீர்கள். எடுத்தவரை போதும், நிறுத்துங்கள். யாரோ ஒருவர் போகிற போக்கில் எழுதிய மூன்று வரிக்காக நாவலை வெட்டுவார்களா? அவருக்கு உங்கள் நாவலைப் பற்றி என்ன தெரியும்?

பச்சை என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் பச்சைதான்.

நாவலை எனக்கு அனுப்பி வையுங்கள். முழுதாகப் படித்துவிட்டுச் சுருக்கத்தை நானே எழுதித் தருகிறேன். சித்திக்குக் கண் டாக்டரிடம் காட்டினீர்களா? கண் வலிதானா? வேறு ஒன்றும் இல்லையே?

வாயாடி


ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். இத்துடன் நாவல். நீ கேட்டதுபோல முழுதாக அனுப்ப முடியவில்லை. மனைவி வரும் பக்கங்களை சித்தி எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டாளாம். பீரோவைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். “வேண்டாம்னுதானே எடுத்தீங்க, இப்ப எதுக்கு?” என்றாள்.

இருப்பதைப் படித்துவிட்டு உள்ளதைச் சொல். சித்தப்பா ஆயிற்றே என்று பார்க்காதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

சித்தி நலம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், டிவி பார்த்துச் சிரிக்கிறாள். டைப் செய்யும் மேஜையில் இப்போது துவைத்த துணிகளை மடித்து வைக்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா


ஏப்ரல் 25

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். நாவலை இரண்டு முறை படித்தேன்.

லிஃப்ட் வருகிற இடமெல்லாம் அபாரம். அந்த மோட்டார் அறையின் சூடு, எண்ணெய் வாசனை, கம்பிக்கயிற்றை விரலால் தடவிப் பார்த்து எந்த இழை தேய்ந்திருக்கிறது என்று சொல்வது, இதையெல்லாம் வேறு யாராலும் எழுத முடியாது. பொய் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு கோளாறு இருக்கிறது. அவர் இல்லாத ஆளிடம் பேசிக்கொண்டே இருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் விளக்கை அணைத்துவிட்டு, “அப்படியெல்லாம் அறுந்துபோகாது, நீ தூங்கு” என்கிறார். அந்த அறையில் யாருமே இல்லை. இன்னோர் இடத்தில் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், எதற்கென்று தெரியவில்லை. கட்டடத்தை இடிக்கும் நாளில் அழாதவர் ஒரு காலி டப்பாவைப் பார்த்து ஏன் அழுகிறார்? மூன்றாம் அத்தியாயத்துக்கு அப்புறம் நேராக ஐந்தாம் அத்தியாயம். எடுத்த பக்கங்களில்தான் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த மனைவி வெறும் சாப்பாடு தூக்கிவருகிறவள் இல்லை, சித்தப்பா. அப்படியிருக்க முதல் சுருக்கத்தில் ஏன் அப்படி எழுதினீர்கள்? நீங்கள் அன்று ஒழுங்காக எழுதியிருந்தால் யாரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை. காரணம் தெரிந்தாக வேண்டும் எனக்கு.

வாயாடி


ஜூன் 30

அன்புள்ள வாயாடிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. முழங்கால் என்று சொல்லலாம். கடிதம் எழுத முழங்கால் எதற்கு?

காரணம் கேட்டாய். அந்தப் பக்கங்களை எழுதியது நான் இல்லை. சித்தி.

ஆரம்பத்தில் அவள் டைப் மட்டும்தான் செய்தாள். ஓரிடத்தில், “மனைவி வருத்தமாக இருந்தாள்” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவள் கையை நிறுத்திவிட்டு, “என்ன வருத்தம்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. “ஏதாவது நீயே போட்டுக்கோ” என்றேன். ஒரு பத்தி போட்டாள். நன்றாக இருந்தது. அடுத்த முறை இரண்டு பக்கம். அப்புறம் அந்த மனைவி வருகிற அத்தியாயங்களையெல்லாம் அவளே எழுதினாள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

நான்காம் அத்தியாயம் முழுக்க அவளுடையது. அந்த மனைவி ஒரு நாள்கூட லிஃப்டில் ஏறுவதில்லை. ஏழு மாடியும் டப்பாவோடு படியேறித்தான் வருகிறாள். ஏன் என்றால், புருஷன் தினமும் வீட்டுக்கு வந்ததும் எது தேய்ந்திருக்கிறது, எது அறுந்தால் என்ன ஆகும் என்று ஒன்றுவிடாமல் அவளிடம் கொட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறான். அவன் பயத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு அவள் விழித்திருக்கிறாள். இத்தனை வருஷம் நான் நிம்மதியாகத் தூங்கியது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளிடம் இதைச் சொல்லவும் இல்லை. “பரவாயில்லை, நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

சுருக்கம் எழுத உட்கார்ந்தபோது அந்த மனைவி பக்கம் பேனா போகவே இல்லை. என்னுடையதைச் சொன்னால் சாதாரணமாக இருந்தது. அவளுடையதைச் சொன்னால் அதுதான் நாவல் என்று இரண்டே பக்கத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். மேலே என் புனைபெயர் மட்டும் இருந்தது. அதனால் சாப்பாடு கொண்டுவருகிறாள் என்று முடித்துக்கொண்டேன். நான் சொல்ல அதை டைப் செய்ததும் அவள்தான். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த நான்காம் அத்தியாயமும் சுருக்கத்தோடுதான் போயிற்று. அதையும் வைத்து அனுப்பலாம் என்று சொன்னவன் நான்தான். அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

எனக்கு நாவல் வர வேண்டாம். அவள் அந்த மேஜைக்குத் திரும்பி வந்தால் போதும். நீ ஏதாவது எழுதிப் பாரேன். நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
சித்தப்பா


ஜூலை 8

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இதைச் சித்தப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பச்சைச் சீட்டில் இருந்ததை எழுதியது நான்.

அச்சகத்தில் பில் போடும் வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தப் பதிப்பகத்தில் வருகிற சுருக்கங்களைப் படித்துக் கருத்து எழுதுகிற வேலை. நிரந்தரமானதும் சொல்லலாம் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு வெறும் எண் போட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார்கள். அதனால் எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாத ஒருவரைப் பற்றி என்றால் அப்படி எழுதலாமா? எழுதியதும் பக்கத்து மேஜைக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். அன்றைக்கு எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

சித்தப்பாவின் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே அவருக்குச் சுருக்கம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். யாரோ எழுதியதுபோல அந்த ஆளைத் திட்டினேன். கடைசியில் பழியை அவர் தலையிலேயே போட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் தபாலில் போட்டுவிட்டு வரும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும். அடுத்த கடிதத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்ததிலும் சொல்லவில்லை.

அந்த வரிகளை நீங்கள்தான் வாய்விட்டுப் படித்தீர்களாம். உங்கள் குரலில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. என்னைத் திட்டுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சித்தி.

வாயாடி


ஆகஸ்ட் 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. நான் நலம். அவரும் நலம், முழங்காலைத் தவிர. உன் ஜலதோஷம் சரியாகிவிட்டதா, அல்லது அதுவும் கதைதானா?

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. என் மாத்திரைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அவர் கை அங்கே போகாது. உன்னை அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர். அந்த ஆட்டத்தை இந்த வயதில் நிறுத்த எனக்கு மனமில்லை.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய். பெற்ற பிள்ளைபோலத் தூக்கி வளர்த்தோமே, இவளா என்று வந்தது. இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன், நான்தான் ஜெயித்தேன். அப்புறம் அந்த இரண்டு பக்கச் சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நான் டைப் செய்ததுதான். டைப் செய்யும்போதே, “இவ இதுல என்னதான் பண்றா?” என்று அவரிடம் கேட்டேன். “ரெண்டு பக்கத்துல எவ்வளவு போட முடியும்?” என்றார். நான் கேட்டதைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய், கொஞ்சம் திமிராகக் கேட்டிருக்கிறாய். கூரியர்காரர் என்றதற்கு எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சுருக்கத்துக்கு அந்த வரி பொருத்தம்தான். அதற்கு நீ அழ வேண்டாம். அழ வேண்டியவர் வாசலில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் மேஜையை விட்டு எழுந்தது அந்த வரியால் இல்லை. என் நான்காம் அத்தியாயமும் அந்த உறையில் உன்னிடம் வந்தது. எனக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அதைப் படித்தபிறகும் ஒரு ஆள், “இவள் எதற்கு?” என்று கேட்கிறார் என்றால், நான் இத்தனை நாள் என்னத்தைக் கிழித்தேன் என்று தோன்றிவிட்டது. வெட்கமாகப் போய்விட்டது, பாப்பா. தப்பு செய்து மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. அதனால்தான் எல்லாவற்றையும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நீ அதைப் படித்தாயா? படித்தும் அப்படித்தான் பட்டது என்றால் தயங்காமல் சொல்லிவிடு. நான் நிறுத்திக்கொள்கிறேன், கண்ணாவது மிச்சமாகும். இல்லையென்றால் அதையும் சொல். எனக்கு இதமாக இருக்கட்டும் என்று எதையாவது சோடித்து எழுதாதே. எது என்று தெரியாமல் ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தி


ஆகஸ்ட் 5

அன்புள்ள சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டும். ஜலதோஷம் கதைதான்.

படிக்கவில்லை, சித்தி.

சுருக்கம் பிடிக்காவிட்டால் பின்னால் இருப்பதைப் புரட்டக்கூட மாட்டேன். படிக்க வேண்டும் என்பதுதான் ஆபீஸ் விதி. யாரும் கவனிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. உங்கள் அத்தியாயம் இரண்டு வாரம் என் மேஜையில் இருந்தது. அதன்மேல் டீ கப் வைத்திருந்தேன். திருப்பி அனுப்பும்போது கறை தெரியக் கூடாது என்று மேலே இருந்த வெற்றுத் தாளை மட்டும் மாற்றினேன்.

போன மாதம் உங்களுக்கு எழுதும்போதும் இது நினைவில் இருந்தது. ஒரு வரி எழுதி அடித்துவிட்டு, வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன். வாய்த்துடுக்கு என்றால் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவீர்கள், சின்ன வயதிலிருந்தே பழக்கம். படிக்காமலே தீர்ப்பு எழுதினேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

இன்றைக்கு எங்கள் பதிப்பாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இருக்குமா என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் புதிதாகச் சுருக்கம் எழுதி அனுப்பினால் வேறு ஒருவர் படிப்பார், அத்தியாயங்களையும் சேர்த்துப் படிப்பார் என்றார். அந்த அத்தியாயத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உங்கள் நான்காம் அத்தியாயத்தை இதுவரை ஒரே ஒருவர்தான் படித்திருக்கிறார், சித்தி. உங்களிடம் “பரவாயில்லை, நல்லாருக்கு” என்று சொன்னாராமே, அவர்தான். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்ததாக எனக்கு எழுதியிருக்கிறார்.

வாயாடி